அவலாஞ்சி டிரவுட்டும் கொள்ளிடத்து உல்லமும்

திருச்சியையும் திருவரங்கத்தையும் சேர்ந்த எங்கள் தூண்டில் குழு, வரும் தை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு நீலகிரியின் அவலாஞ்சி ஏரிக்குச் செல்வதென்று முடிவு செய்திருக்கிறது. மீனாய் முதல் அவதாரம் எடுத்த பெருமாளின் ஊரிலிருந்து தூண்டிலோடு புறப்படுவதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேலி செய்யத் தவறவில்லை. வழித்திட்டம் வகுக்க வரைபடத்தை விரித்தபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது: நாங்கள் போகவிருப்பது வேற்றூருக்கன்று, நம் ஆற்றின் ஒரு தலைமாட்டுக்கு.

அவலாஞ்சி, எமரால்டு ஏரிகள் கனடா நாட்டின் உதவியோடு உருவான குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை. அந்நீர் குந்தா வழியே பவானியை அடைந்து, பவானிசாகரில் தங்கி, கூடுதுறையில் காவிரியோடு கலந்து, முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து அரங்கனின் தீவைச் சூழ்கிறது. ஆனால் ஏரியில் வாழும் டிரவுட் மீனுக்கும் இந்த ஆற்றுக்கும் பிறப்பால் எந்த உறவும் இல்லை. குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த நீரில் மட்டுமே வாழும் அம்மீன், சமவெளியின் வெதுவெதுப்பான நீரைத் தாங்காது.

அது மலையேறிய வரலாறு நீண்டது. சென்னைப் படையில் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே, 1863ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொணர முயன்று தோற்றார். பல வாரக் கடற்பயணத்தின் வெப்பத்தை முட்டைகள் தாங்கவில்லை. பின்வந்தோர் முயற்சிகளாலும் அம்மீன் நிலைபெறவில்லை. இறுதியில் அரசின் மீன்வளர்ப்பு வல்லுநர் எச்.சி.வில்சன், 1907ஆம் ஆண்டு அவலாஞ்சியில் ஒரு பொரிப்பகம் அமைத்தார். தொடர்ந்து இலங்கை, நியூசிலாந்து முதலிய நாடுகளிலிருந்து வந்த முட்டைகளால் ரெயின்போ டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது.

இதே இருவரின் பெயர்களும் நம் கொள்ளிடத்தின் வரலாற்றிலும் வருகின்றன என்பதே எங்களை வியப்பில் ஆழ்த்திய செய்தி.

உல்லம் என்று தமிழிலும் இலிஷ் என்று வங்காளத்திலும் வழங்கும் மீன், கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறுவது. ஆடிப் புதுவெள்ளம் கடலை எட்டும்போது அதை எதிர்த்து நீந்திக் கொள்ளிடத்தில் புகும். ஆனால் 1836இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. தஞ்சைத் தரணியின் பாசனத்தை அவை காத்தன என்பதில் ஐயமில்லை. ஏறிவரும் மீனுக்கோ அவை மதில்களாயின. டிரவுட் கொணர முயன்ற அதே டே, 1873இல் வெளியான தம் நன்னீர் மீன்வள அறிக்கையில், அணைகள் வலசை மீன்களுக்கு விளைக்கும் கேட்டைச் சுட்டிக்காட்டினார். அவலாஞ்சியில் வென்ற அதே வில்சன், ஏறத்தாழ அதே ஆண்டுகளில், கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பொரிக்க முயன்றார். இந்தியாவில் இவ்வகை முயற்சிகளில் இதுவே முன்னோடி. 1934இல் மேட்டூர் அணை எழுந்து வெள்ளத்தையே தேக்கிக்கொண்டது. கோதாவரி, கிருஷ்ணா, காவிரி ஆகிய மூன்றிலும் அணைகளால் உல்லத்திற்கு நேர்ந்ததை 1942இல் மீனியல் அறிஞர் தேவநேசன் ஆராய்ந்து எழுதினார். அந்த மீன் மட்டும் திரும்பவில்லை.

ஒரே வல்லுநர், ஒரே காலம், ஒரே ஆற்றுப்படுகை. அந்நிய மீன் வாழ்ந்தது. சொந்த மீன் அற்றுப்போனது. ஏன்? டிரவுட்டுக்குத் தேவைப்பட்டது ஓர் இடம். குளிர்ந்த ஓடை ஒன்றைத் தேடிக் கொடுத்தால் போதும், எஞ்சியதைப் பொரிப்பகம் பார்த்துக்கொள்ளும். உல்லத்திற்குத் தேவைப்பட்டதோ ஒரு வழி. கடல் தொடங்கி முட்டையிடும் மணற்படுகை வரை அறுபடாத நீர்வழி. இடத்தை மனிதனால் அமைத்துத் தர முடிந்தது. அடைத்த வழிக்கு ஈடாக எந்தப் பொரிப்பகமும் அமையவில்லை. மேலை நாட்டு அறிவு மலையில் வென்று சமவெளியில் தோற்றது என்று எளிதாகச் சொல்லிவிடலாகாது. நோயை அறிந்து சொன்னவர்களும் அவர்களே. நெல்லா மீனா என்ற கேள்வி எழுந்தபோது நாடு நெல்லைத் தேர்ந்தது. அந்த நெல்லை உண்டு வளர்ந்த நாம் அத்தேர்வைப் பழிக்கும் உரிமையுடையோரல்லோம். ஆயினும் விலையாகக் கொடுத்தது எதை என்று அறிந்திருப்பது நம் கடமை.

ஆகவே எங்கள் பயணத்தை ஆற்றின் போக்கிலேயே அமைத்திருக்கிறோம். சனிக்கிழமை வைகறையில் முக்கொம்பு மேலணையில் முதல் நிறுத்தம். பின்பு கரூர், ஈரோடு, பவானி கூடுதுறை, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் வழியே உதகை. ஞாயிறு காலை அவலாஞ்சி. தென்மேற்குப் பருவ மாதங்களைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு: 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மிகுதியாக மழை கொட்டியது. தை மாத உறைபனிக்குக் கம்பளி போதும். மீன்வளத்துறை, வனத்துறை ஆகியவற்றின் இசைவைக் கேட்டறிந்த பின்னரே தூண்டில் வெளியே வரும். இசைவு கிடைக்காவிடில் தூண்டில் வண்டியிலேயே இருக்கும்; பயணம் நிற்காது.

கொள்ளிடக் கரையூர்களில் உல்லம் பிடித்த கதை, அதன் சமையல், அதற்கு வழங்கிய வேறு பெயர் எதையேனும் பெரியோர் சொல்லக் கேட்டிருந்தால், அன்பர்கள் எங்களுக்குத் தெரிவியுங்கள். அவலாஞ்சி டிரவுட்டின் கதை அரசு ஏடுகளில் இருக்கிறது. நம் வீட்டு வாசலுக்கு வந்துபோன மீனின் கதையைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.