புல்லட்டோட கடல் தாண்டுறவங்களுக்கு: பூட்டு, நம்பர், முத்திரைச் சீட்டு

இந்த எபிசோட்ல நாம போகப்போறது திண்டிவனம் – புதுச்சேரி ரோடு. வாரக்கடைசியில சென்னையிலேருந்து பைக் எடுத்துட்டு ஈ.சி.ஆர். வேண்டாம், இந்தப் பக்கமா போகலாம்னு கிளம்பினவங்களுக்கு கிளியனூர் தெரிஞ்சிருக்கும். திண்டிவனத்தைத் தாண்டி பாண்டிக்குப் போற வழியில வர்ற ஊர். டீ குடிச்சிட்டு மறுபடி கிக் பண்ணிக் கிளம்பினா கொஞ்ச நேரத்துல கோரிமேடு, அதைத் தாண்டினா பாண்டி டவுன்.

1954-ஆம் வருஷம் அக்டோபர் மாசம் வரைக்கும் இந்தப் பயணம் ஒரு வெளிநாட்டுப் பயணம். புதுச்சேரி அப்போ பிரெஞ்சு ஆட்சியில இருந்துச்சு. 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துச்சு. சட்டப்படி முழுசா இணைஞ்சது இன்னும் தள்ளி, 1962 ஆகஸ்ட் 16-ல. 1954 அக்டோபர் வரைக்கும் கிளியனூர் வழியா வண்டியில பாண்டிக்குப் போனவங்க, ஒரு நாட்டோட சுங்க எல்லையைத் தாண்டி இன்னொரு நாட்டுக்குள்ள போனாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, இன்னைக்கு நிறைய பேர் கேக்குற ஒரு கேள்விக்கான பதில் இங்கதான் ஆரம்பிக்குது. வேலைக்காகவோ குடும்பத்தோடவோ வெளிநாட்டுக்குக் குடிபோறாங்க. வீட்டுல அப்பா ஓட்டின பழைய புல்லட் ஒண்ணு நிக்குது. விக்க மனசு வரலை. கூட்டிட்டுப் போகலாம்னா ஒரே பயம்: அங்க யாராவது தூக்கிட்டுப் போயிட்டா? எல்லாரும் முதல்ல கேக்குறது, எந்தப் பூட்டு வாங்குறதுன்னுதான். ஆனா மோட்டார் வண்டியோட வரலாற்றைப் பார்த்தா, பூட்டை விடப் பெரிய காவல் ரெண்டு இருக்கு. ஒண்ணு, இரும்புல குத்தின நம்பர். இன்னொண்ணு, அந்த நம்பருக்குச் சொந்தக்காரர் யாருன்னு சொல்ற காகிதம்.

வண்டியே ஒரு தடவை கடல் தாண்டினதுதான்

முதல்ல புல்லட்டோட சொந்தக் கதை. இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊர், ஊசி தயாரிப்புக்குப் பேர் போனது. அங்கேருந்து 1901-ல ராயல் என்ஃபீல்டோட முதல் மோட்டார் சைக்கிள் வந்துச்சு. புல்லட்ங்கிற பேர் 1932-ல. சுதந்திரத்துக்கு அப்புறம் இந்திய ராணுவத்துக்கு எல்லையில ரோந்து போக ஒரு வண்டி தேவைப்பட்டுச்சு. 1950-களோட ஆரம்பத்துல 350 சி.சி. புல்லட்டுக்கு ஆர்டர் போச்சு. அதை இங்க கொண்டு வந்தது மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955-ல ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்துச்சு. தொடக்கத்துல இங்கிலாந்துலேருந்து பாகங்களா வந்ததை இங்க பொருத்தினாங்க, அப்புறம் பாகங்களையே இங்க செய்ய ஆரம்பிச்சாங்க.

1970 வாக்குல இங்கிலாந்துல அந்தக் கம்பெனியோட கதை முடிஞ்சுபோச்சு. திருவொற்றியூர்ல மட்டும் அதே வண்டி பெரிய மாற்றம் இல்லாம ஓடிக்கிட்டே இருந்துச்சு. 1977-ல இங்க செஞ்ச புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாக ஆரம்பிச்சுது. பொண்ணு வாக்கப்பட்டு வந்த ஊர்லேருந்து பிறந்த வீட்டுக்குச் சீர் போன மாதிரி. அதனால உங்க வீட்டு புல்லட் லண்டனுக்கோ பர்மிங்காமுக்கோ போனா, அங்க அது அந்நியமில்லை. அதை ரசிக்கிறவங்க இருக்காங்க, உதிரி பாகத்துக்குச் சந்தை இருக்கு. திருடனுக்குப் பிடிச்ச காரணமும் இதேதான்.

சாவியே இல்லாத காலம்

மோட்டார் சைக்கிளோட ஆரம்ப காலத்துல திருட்டைத் தடுக்கன்னு வண்டியில பெருசா எதுவும் கிடையாது. மேக்னெட்டோ வச்ச வண்டிக்கு பேட்டரி இல்லாமலே தீப்பொறி வரும், இக்னிஷன் சாவி தேவையில்லை. உதைக்கத் தெரிஞ்சவங்க யார் வேணும்னாலும் கிளப்பலாம்.

ஆனா அந்த "உதைக்கத் தெரிஞ்சவங்க"ங்கிறதுல ஒரு விஷயம் இருக்கு. பழைய புல்லட் ஓட்டினவங்களைக் கேளுங்க. ஆம்பியர் மீட்டர் முள்ளு நடுவுக்கு வரணும், டீகம்ப்ரஸரைப் பிடிச்சு பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டு வரணும், அப்புறம்தான் உதை. தப்பா உதைச்சா கிக்கர் திருப்பி அடிச்சு கால் வீங்கும். பழக்கமில்லாத திருடனுக்கு இதுவே ஒரு பூட்டு. ஆனா சுமார் 165 கிலோ வண்டியை நாலு பேர் சேர்ந்து மினி வேன்ல ஏத்துறதுக்கு உதைக்கத் தெரிய வேண்டாமே!

திருட்டுன்னா என்னங்கிறதுலேயே நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருந்துச்சு. இங்கிலாந்துச் சட்டத்துல, பொருளை நிரந்தரமா எடுத்துக்குற எண்ணம் இருந்தாத்தான் திருட்டு. "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு விட்டுடலாம்னு எடுத்தேன்"னு சொன்னா தண்டிக்கிறது கஷ்டம். அந்த ஓட்டையை அடைக்க 1930 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துல, சொந்தக்காரர் அனுமதி இல்லாம வண்டியை எடுத்து ஓட்டுறதையே தனிக் குற்றமா ஆக்கினாங்க.

நம்ம ஊர்ல 1860 தண்டனைச் சட்டம் வேற மாதிரி. கொஞ்ச நேரத்துக்கு எடுத்தாலும், கெட்ட எண்ணத்தோட எடுத்தா திருட்டுதான். இதை உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்ன வழக்கு ஒரு சினிமா மாதிரி இருக்கும். 1952-ல ஜோத்பூர்ல விமானப்படைப் பயிற்சியில இருந்த ஒருத்தர், முந்தின நாள் பயிற்சியிலேருந்து நீக்கப்பட்ட நண்பரோட ஒரு ஹார்வர்டு விமானத்தைக் கிளப்பிட்டுப் போய் பாகிஸ்தான்ல இறக்கிட்டார். திருப்பிக் கொண்டு வர்றதாத்தான் இருந்தோம்ங்கிற மாதிரி வாதம் போச்சு. 1957-ல தீர்ப்பு: தற்காலிகமா எடுத்ததும் திருட்டே. மெஹ்ரா வழக்குன்னு சட்டக் கல்லூரியில இன்னைக்கும் பாடம். 2024 ஜூலை 1-லேருந்து பழைய 379-ஆவது பிரிவு போய், பாரதிய நியாய சன்ஹிதாவோட 303-ஆவது பிரிவு அந்த இடத்துல இருக்கு.

நம்பர் வந்த கதை

சரி, பிடிபட்ட வண்டி உங்களோடதுன்னு எப்படி நிரூபிப்பீங்க? கறுப்பு புல்லட் ஆயிரம் இருக்கு.

1893-ல பாரிஸ் போலீஸ் முதன்முதலா மோட்டார் வண்டிக்குப் பலகை மாட்டச் சொன்னாங்க. பிரிட்டன்ல 1904 ஜனவரி 1-லேருந்து நம்பர் பிளேட் கட்டாயம். இந்தியா முழுசுக்குமான மோட்டார் வண்டிச் சட்டம் 1914-ல, அப்புறம் 1939-ல, இப்போ நாம பின்பற்றுறது 1988-ல வந்தது. திண்டிவனம் வண்டின்னா டி.என். 16, விழுப்புரம்னா டி.என். 32, புதுச்சேரின்னா பி.ஒய். 01னு பார்த்ததும் சொல்றோமே, அது இந்தக் கடைசிச் சட்டத்தோட காலத்துல வந்த வரிசை.

ஆனா பிளேட்டை ரெண்டு ஸ்க்ரூ கழட்டினா மாத்திடலாம். அதனாலதான் உலோகத்துலேயே குத்துற நம்பர் முக்கியம். 1949-ல ஜெனீவாவுல போட்ட சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்துலேயே இது இருக்கு: நாடு விட்டு நாடு போற வண்டியில தயாரிப்பாளர் பேர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இருக்கணும். பின்னாடி 17 எழுத்து-எண் கொண்ட ஒரே அடையாளம் வந்துச்சு. அமெரிக்காவுல 1981 மாடல்லேருந்து அது கட்டாயம். அதுல ஐ, ஓ, கியூ மூணு ஆங்கில எழுத்தும் வராது, ஒண்ணு, பூஜ்யத்தோட குழம்பும்னு.

குத்தின நம்பரைத் தேய்ச்சுட்டா? இங்கதான் உலோகத்தோட குணம் நமக்கு உதவுது. அச்சு இறங்கும்போது மேல தெரியுற பள்ளம் மட்டும் விழறதில்லை, அதுக்கு அடியில இருக்குற உலோகமும் அமுங்கி இறுகிடும். மேல்பகுதியை அரம் போட்டுத் தேய்ச்சாலும், ரசாயனத்தைத் தடவினா அமுங்கின இடம் வேற மாதிரி அரிச்சு, பழைய நம்பர் நிழலா தெரிய வாய்ப்பிருக்கு. தடய அறிவியல்காரங்க இதை வச்சுத்தான் வண்டியை அடையாளம் காணுறாங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சேசிஸ் மேல காகிதத்தை வச்சு பென்சிலால தேய்ச்சு பிரிண்ட் எடுப்பாங்க பாருங்க, சாதாரணமா தெரியுற அந்தக் காகிதம் உங்க வண்டியோட கைரேகை.

பழைய புல்லட்ல இங்க ஒரு சிக்கல் உண்டு. இருபது முப்பது வருஷத்துல இன்ஜின் மாறியிருக்கும், கிராங்க் கேஸ் மாறியிருக்கும். ஆர்.சி. புக்ல பழைய இன்ஜின் நம்பரே இருக்கும். உள்ளூர்ல யாரும் கண்டுக்க மாட்டாங்க. துறைமுகத்துல கண்டுப்பாங்க.

எல்லையில் நிக்கிற சீட்டு

மறுபடி 1954. புதுச்சேரியில சுங்க எல்லை மறையப்போற அதே வருஷம், ஜூன் 4-ஆம் தேதி, நியூயார்க்ல ஐ.நா. ஒரு ஒப்பந்தம் கொண்டு வந்துச்சு. சொந்த வண்டியை வரி கட்டாம தற்காலிகமா இன்னொரு நாட்டுக்குக் கொண்டு போறதைப் பத்தினது. உலகம் சுத்துற பைக்கர்கள் "கார்னெட்"னு சொல்ற புத்தகம் இந்த ஏற்பாட்டுல வர்றது. உள்ள நுழையும்போது ஒரு முத்திரை, வெளிய வரும்போது ஒரு முத்திரை. அதைத் தர்ற ஆட்டோமொபைல் சங்கத்துகிட்ட பிணைத்தொகை கட்டணும்.

வண்டி உள்ள போச்சு, வெளிய வரலைன்னா? நீங்க அங்கேயே வித்துட்டீங்கன்னு அந்த நாட்டுச் சுங்கம் வரி கேக்கலாம். திருடு போனாலும் இதே கேள்வி எழும். வண்டியும் போய், வண்டிக்கு வரியும் கட்டுற நிலைமை. போலீஸ்ல உடனே புகார் கொடுத்து எழுத்துல வாங்கி வைக்கணும்னு அனுபவசாலிகள் தலைபாடா அடிச்சுக்கிறது இதனாலதான்.

கார்னெட் சுத்திப் பார்க்கப் போறவங்களுக்கு. குடிபோறவங்க கதை வேற. பிரிட்டனை எடுத்துக்குவோம். குடிபெயர்றவங்களுக்கு வரி விலக்கு உண்டு. பொதுவா வண்டி ஆறு மாசமாவது உங்க பேர்ல இருந்து, நீங்க ஓட்டியிருக்கணும், நீங்க ஒரு வருஷமாவது பிரிட்டனுக்கு வெளிய வாழ்ந்திருக்கணும், போன பிறகு ஒரு வருஷத்துக்கு விக்கக் கூடாது. ஆறு மாசம்ங்கிறதைக் கவனிங்க: வண்டி இன்னும் அப்பா பேர்லயே இருந்தா, டிக்கெட் போட்டதுக்கு அப்புறம் பேர் மாத்திப் பிரயோஜனம் இல்லை.

வண்டி இறங்கின 14 நாளுக்குள்ள வரித்துறைக்குத் தெரிவிக்கணும். அப்புறம் பதிவு. வண்டி எந்த வருஷம் செஞ்சதுன்னு நிரூபிச்சா அந்த வயசுக்கு ஏத்த நம்பர் கிடைக்கும். நிரூபிக்க முடியலைன்னா, 1983-லேருந்து இருக்குற கியூ எழுத்துல ஆரம்பிக்கிற பிளேட் மாட்டிடுவாங்க. "இந்த வண்டியோட பூர்வீகம் தெரியலை"ன்னு நெத்தியில ஒட்டின மாதிரி. கிளாசிக் வண்டியோட மதிப்பே அதோட பூர்வீகம்தானே.

பயத்தை எங்க செலவு பண்றது

அதனால கிளம்புறதுக்கு ரொம்ப முன்னாடியே செய்ய வேண்டியது இதுதான். ஆர்.சி.யில இருக்குற ரெண்டு நம்பரும் வண்டியில இருக்குற ரெண்டு நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. இல்லைன்னா உள்ளூர் ஆர்.டி.ஓ.விலேயே சரி பண்ணுங்க, கப்பல் ஏறின பிறகு முடியாது. படிவம் 28-ல தடையில்லாச் சான்று கேக்கும்போது வண்டி மேல திருட்டுப் புகார் இல்லைங்கிற போலீஸ் அறிக்கையும் சேரும். அதோட நகலைப் பத்திரமா வைங்க. டாங்க்ல இருக்குற கீறல், வெல்டிங் தழும்பு, உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச அடையாளம் எல்லாத்தையும் நம்பரோட சேர்த்துப் படம் எடுங்க. பில்லு, பழைய இன்ஷூரன்ஸ், எதையும் தூக்கிப் போடாதீங்க.

இன்ஷூரன்ஸ்ல ஒண்ணு கவனிங்க. இந்திய மோட்டார் பாலிசி இந்தியாவுக்குள்ளதான் செல்லும். கூடுதல் பணம் கட்டினா நேபாளம், பூட்டான், வங்கதேசம், மாலத்தீவு, பாகிஸ்தான், இலங்கை வரைக்கும் நீட்டலாம். அதைத் தாண்டி ஒரு பைசா வராது. கப்பல் பயணத்துக்குத் தனி, போற நாட்டுல தனி. அங்க எடுக்கும்போது மதிப்பை முன்னாடியே பேசி எழுதிக்கிற பாலிசியா பாருங்க. இல்லைன்னா திருடு போன அன்னைக்கு, "பழைய 350 சி.சி., இவ்வளவுதான்"னு ஒரு தொகையை நீட்டுவாங்க.

பூட்டும் வேணும், வேண்டாம்னு சொல்லலை. சங்கிலியைத் தரையில கிடக்க விடாதீங்க, தரையை ஆதாரமா வச்சு வெட்டுறது சுலபம். அசையாத ஒண்ணோட சேர்த்து, உயரத்துல பூட்டுங்க. ஆனா பூட்டு செய்யுறது திருடனைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்துறது மட்டும்தான். போன வண்டி திரும்பி வர்றதுக்கு நம்பரும் காகிதமும்தான் வழி.

ராஜஸ்தான்ல ஜோத்பூர் – பாலி ரோட்டுல ஒரு புல்லட்டுக்குக் கோயிலே இருக்கு. 1988-ல விபத்துல இறந்துபோன ஒருத்தரோட வண்டி. போலீஸ் ஸ்டேஷன்ல கொண்டுபோய் வச்சாலும் அது தானா விபத்து நடந்த இடத்துக்கே திரும்பி வந்துடுச்சுன்னு மக்கள் நம்புறாங்க. அந்த வரம் எல்லா புல்லட்டுக்கும் கிடைக்கிறதில்லை. உங்களோடது திரும்பி வரணும்னா, இந்த வாரமே ஒரு டார்ச்சும் பழைய துணியும் எடுத்துட்டுப் போய் சேசிஸ்ல இருக்குற கிரீஸைத் துடைச்சு, அந்த நம்பரை ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க. ஆர்.சி. புக்கையும் பக்கத்துல வச்சுக்கோங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.