குடல் அறுவை சிகிச்சை முடிஞ்சாச்சு... எப்போ சாப்பிடலாம்?

தாத்தாவுக்குக் குடலில் அறுவை சிகிச்சை. மறுநாள் காலையிலேயே தாதி கஞ்சி கொண்டுவந்து வைக்கிறார்.

"இன்னும் காத்தே பிரியல, அதுக்குள்ள சாப்பாடா?" என்று பாட்டி பதறுகிறார்.

யார் சொல்வது சரி? உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரலாம். பெருங்குடல் புற்றுநோய் சிங்கப்பூரில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. அதற்கான முக்கியச் சிகிச்சை, அறுவை சிகிச்சைதான்.

பாட்டி சொல்வது கட்டுக்கதை அல்ல. பல ஆண்டுகளாக மருத்துவமனைகளே பின்பற்றிய விதி அது. ஆனால் அந்த விதி இப்போது மாறிவிட்டது.

முன்பு ஏன் காக்க வைத்தார்கள்?

குடலில் பாதிக்கப்பட்ட பகுதியை வெட்டி எடுத்தபின், இரண்டு முனைகளையும் தையல் போட்டோ சிறு உலோகப் பின்களாலோ இணைப்பார்கள்.

அதனால் மருத்துவர்களுக்கு இரண்டு அச்சங்கள் இருந்தன:

- உணவு பட்டால் இணைப்பு பிரிந்துவிடுமோ?
- குடல் இயங்காத நேரத்தில் சாப்பிட்டால் வாந்தி வந்து, அது நுரையீரலுக்குள் போய்விடுமோ?

ஆகவே மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய். வாயு பிரியும்வரை பட்டினி. சில நேரம் அது பல நாள் நீடிக்கும்.

குடல் எப்போது விழிக்கும்?

அறுவை சிகிச்சைக்குப் பிறகு குடல் கொஞ்ச நேரம் 'தூங்கும்'. மயக்க மருந்து, மார்ஃபின் போன்ற வலி மருந்துகள், குடலைத் தொட்டுக் கையாண்டதால் வரும் வீக்கம் ஆகியவை அதற்குக் காரணம்.

ஆனால் எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் எழுவதில்லை:

- சிறுகுடல்: சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள்
- இரைப்பை: 1 முதல் 2 நாள்
- பெருங்குடல்: 2 முதல் 3 நாள், சிலருக்குக் கூடுதலாகவும் ஆகலாம்

வாயு பிரிவது, கடைசியாக எழும் பெருங்குடல் தரும் அடையாளம். சத்தை உறிஞ்சும் சிறுகுடல் அதற்கு முன்பே தயாராகிவிடுகிறது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். பட்டினி கிடந்தாலும் குடல் காலியாக இருப்பதில்லை. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர் என ஆரோக்கியமானவர் உடலில் நாளுக்குச் சுமார் 7 லிட்டர் நீர் சுரக்கிறது. சாப்பிடாவிட்டால் அது குறையும், ஆனால் நிற்காது. எப்படியும் இணைப்பைத் தாண்டி ஏதோ ஒன்று போய்க்கொண்டுதான் இருக்கும்.

விதியை மாற்றியது யார்?

1990களில் டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் ஹென்ரிக் கெலெட் வேறு வழியை முன்வைத்தார். வலியை நன்றாகக் கட்டுப்படுத்து, சீக்கிரம் நடக்க வை, சீக்கிரம் சாப்பிட வை என்பதே அதன் சாரம். அதுவே பின்னர் 'ஈராஸ்' எனும் விரைவாகக் குணமடையும் திட்டமாக வளர்ந்தது. சிங்கப்பூர் மருத்துவமனைகளிலும் அது நடப்பில் உள்ளது.

காக்ரேன் அமைப்பு 2018இல் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. 24 மணி நேரத்துக்குள் உணவைத் தொடங்கியவர்கள் சராசரியாகச் சுமார் 2 நாள் முன்னதாகவே வீடு திரும்பினர். ஆதாரம் இன்னும் வலுப்பெற வேண்டும் என்பதையும் ஆய்வாளர்கள் சொல்லியிருந்தனர்.

என்ன சாப்பிடலாம்? எப்போது?

திட்டமிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை என்றால், பொதுவாக இப்படிப் போகும்:

- மயக்கம் முழுதாகத் தெளிந்த சில மணி நேரத்தில்: தண்ணீர், ஒவ்வொரு வாயாக
- அதே நாள் அல்லது மறுநாள்: தெளிவான சூப், சத்துப் பானம்
- குமட்டல் இல்லை என்றால்: கஞ்சி, மென்மையான ரொட்டி, முட்டை, டோஃபு, வேகவைத்த மீன்
- வீட்டில் முதல் சில வாரங்கள்: நாளுக்கு 5, 6 முறை கொஞ்சம் கொஞ்சமாக. வெள்ளைச் சோறு, இட்லி, இடியாப்பம், மீன் பீஹூன் சூப் பரவாயில்லை. பச்சைக் காய்கறி, கொட்டை வகை, சோளம், எண்ணெய் மிதக்கும் சம்பல் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

காயம் ஆறும் என்று விரால் மீன் சூப் செய்து தருகிறார்களா? தாராளமாக, மருத்துவர் அனுமதித்தபின். ஆனால் சூப்பை மட்டும் குடித்துவிட்டு மீனை ஒதுக்காதீர்கள். புரதம் பெரும்பாலும் மீனில்தான் இருக்கிறது.

சூயிங் கம் உதவுமா?

மெல்லும்போது 'சாப்பாடு வருது' என்று நரம்புகள் குடலுக்குச் சொல்லும். அதனால் குடல் சீக்கிரம் விழிக்கலாம் என்று பல ஆய்வுகள் சோதித்துள்ளன. ஆனால் சீக்கிரமே சாப்பிடத் தொடங்குபவர்களுக்குக் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. சிங்கப்பூரில் 1992 முதல் சூயிங் கம் இறக்குமதிக்குத் தடை உண்டு. 2004 முதல் மருத்துவக் காரணங்களுக்கான சில வகைகளுக்கு மட்டும் அனுமதி. ஆகவே அதைத் தேடி அலைய வேண்டாம்!

யார் பொறுத்திருக்க வேண்டும்?

- வாந்தி நிற்காதவர்கள், வயிறு உப்பியிருப்பவர்கள்
- குடல் அடைப்பு, குடலில் ஓட்டை போன்றவற்றுக்கு அவசர அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்
- தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள்

சிறுகுடலை வயிற்றின் மேல் திறந்து பை பொருத்தியவர்கள் நீர்ச்சத்து இழக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காளான், தேங்காய், சோளம், கொட்டை வகை அங்கே அடைத்துக்கொள்ளலாம்.

சாப்பிடத் தொடங்கியபின் குமட்டல், வயிற்று உப்புசம், விடாத விக்கல் வந்தால் உடனே நிறுத்திவிட்டுத் தாதியிடம் சொல்லுங்கள். 'இன்னும் ஒரு வாய்' என்று வற்புறுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்தாலும் கவனம்!

குடல் இணைப்பில் கசிவு ஏற்பட்டால், அது பெரும்பாலும் முதல் ஒரு வாரத்தையொட்டித் தெரியவரும். சீக்கிரம் வீடு திரும்பியவருக்கு அது வீட்டில் இருக்கும்போதே நடக்கலாம். அப்போது கவனிக்கப்போவது நீங்கள்தான்.

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, வேகமான இதயத்துடிப்பு, வாந்தி... இவற்றைப் பார்த்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நிலைமை மோசமாக இருந்தால் 995ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. இன்று என்ன சாப்பிடலாம், எவ்வளவு?
2. வீட்டுச் சாப்பாட்டை எப்போதிலிருந்து கொண்டுவரலாம்?
3. என்ன தெரிந்தால் சாப்பாட்டை நிறுத்த வேண்டும், யாரை அழைக்க வேண்டும்?

பதிலை எழுதிவைத்து, சமைப்பவருக்கும் தமிழில் சொல்லிவிடுங்கள். வீட்டில் பெரும்பாலும் அவர்தான் பத்தியத்தை முடிவு செய்கிறார்.