வேறுவேறு கணினிகள் ஒரே கணக்கைப் பேசியது எப்படி? – கோர்பாவின் கதை

பேரேட்டில் 1 என்று எழுதினால் எவர் வாசித்தாலும் அது ஒன்றுதான். கணினியில் அப்படியல்ல. வழக்கமான முழு எண் நான்கு பைட்டுகளில் பதியப்படும். சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகள் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைத்தன. இன்டெல் சில்லுகள் சிறியதை முதலில் வைக்கின்றன. ஒன்று அனுப்பிய 1 ஐ மற்றது அப்படியே வாசித்தால் 16,777,216 ஆகிவிடும்! எழுத்துகளிலும் இதே வில்லங்கம். ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து ஆஸ்கி முறையில் 65, ஐ.பி.எம். பெருங்கணினிகளின் எப்சிடிக் முறையில் 193.

நான் புலம்பெயர்ந்து வந்து முதலில் வேலை செய்த அலுவலகத்தில் சம்பளக் கணக்கு ஒரு கணினியில் இருந்தது, பேரேடு இன்னொன்றில். ஒன்றில் அச்சிட்டதை மற்றதில் கையால் தட்டுவதுதான் என் மாதக் கடைசி வேலை. ஒருமுறை விடுபட்ட ஒரு பூச்சியத்தைத் தேடி இரண்டு இரவுகள் போயின.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 1989இல் 11 நிறுவனங்கள் கூடி ஓ.எம்.ஜி. என்ற அமைப்பைத் தொடங்கின. கணினி விற்பவர்கள் மட்டுமல்ல, அமெரிக்கன் எயார்லைன்ஸ் போன்ற வாடிக்கையாளரும் அதில் இருந்தனர். 1991இல் கோர்பா என்ற தரநிலை வெளிவந்தது. அதன் உயிர்நாடி ஐ.டி.எல். என்ற இடைமுக மொழி. என்ன கேட்கலாம், என்ன பதில் வரும் என்று அதில் எழுதிவைப்பார்கள். ஒப்பந்தப் பத்திரம் மாதிரி. ஒரு பக்கம் கோபோல், மறுபக்கம் சி++ என்றாலும் பரவாயில்லை.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒப்பந்தம் பொதுவானது; கம்பியில் செல்லும் செய்தியின் வடிவம் பொதுவானதல்ல. ஒரு நிறுவனத்தின் கோர்பா மென்பொருள் இன்னொரு நிறுவனத்தினுடையதோடு பேசும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கோர்பா 2.0 தான் ஐ.ஐ.ஓ.பி. என்ற பொது நெறிமுறையால் அதை அடைத்தது. அனுப்புபவர் தன் வழக்கப்படியே எண்களை எழுதலாம், எந்த வரிசை என்பதைச் செய்தியின் தலைப்பில் குறித்தால் போதும். தேவைப்பட்டால் மாற்றிக்கொள்வது பெறுபவரின் பொறுப்பு. என் பார்வையில் கோர்பாவின் மிகச் சிறந்த முடிவு இதுதான்.

இருந்தும் அது நிலைக்கவில்லை. கற்பது கடினம், விலையும் அதிகம். மைக்ரோசொப்ட் டிகொம் என்று தனிவழி போனது. இணையத்துக்குத் திறந்திருந்த 80ஆம் இலக்கப் போர்ட் வழியே வலைச்சேவைகள் எளிதாகப் போய்வர, கோர்பாவின் செய்திகளை ஃபயர்வோல்கள் மறித்தன. 2018இல் ஜாவா 11 கோர்பாவை நீக்கியது.

இன்று பெரும்பாலும் ஜேசன். எண்கள் எழுத்தாகவே செல்வதால் பைட் வரிசைத் தொல்லை இல்லை. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் அதை வாசிக்கும்போது 9,007,199,254,740,992 ஐத் தாண்டும் முழு எண்களின் கடைசி இலக்கம் மாறிவிடலாம். அத்தனை பணம் நம்மிடம் இல்லை. ஆனால் நீண்ட கணக்கு இலக்கங்கள் உண்டு. அவற்றை எண்ணாக அல்ல, மேற்கோள் குறிக்குள் சொல்லாகவே அனுப்பும்படி எங்கள் மென்பொருள்காரப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன்.