சேத்துக்குள்ள ஒரு லாக் ஃபைல்

பெசன்ட் நகர் பக்கம் உடைஞ்ச பாலத்துகிட்ட நின்னு அடையாறு முகத்துவாரத்தைப் பார்த்திருப்பீங்க. சில நாள் அங்க மீன் செத்து மிதக்கும். "அந்தக் காலத்துல தண்ணி நல்லா இருந்துச்சு"ன்னு பெரியவங்க சொல்வாங்க. எந்தக் காலத்துல? 1900-ல யாரும் ஆக்சிஜன் மீட்டர் வெச்சு அளக்கலையே!

இதே கேள்வி அமெரிக்காவுல லூசியானா கடலோரத்துலயும் வந்துச்சு. மிசிசிப்பி ஆறு வயல் உரத்தை அள்ளிட்டு வந்து கடல்ல கொட்டும். அதுல பாசி பெருகும், செத்து அடியில விழும். அதை அழுகவைக்கிற பாக்டீரியா ஆக்சிஜனைக் காலி பண்ணிடும். லேசான ஆத்துத் தண்ணி மேல மூடி மாதிரி நிக்கிறதால புது ஆக்சிஜன் கீழ இறங்காது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழ போனா மீன் ஓடிடும், ஓட முடியாதது சாகும். இதை முறையா வரைபடம் போட ஆரம்பிச்சதே 1985-லதான். "இயற்கையே இப்படித்தான்"னு ஒருத்தர் சொன்னா, எதை வெச்சு மறுப்பீங்க?

பதில் சேத்துல இருந்துச்சு. ஃபோராமினிஃபெரான்னு ஒரே செல் உயிர். பலதும் மணல் துகள் சைஸ்தான், நிறைய வகைகளுக்குச் சுண்ணாம்பு ஓடு. செத்தா ஓடு அங்கயே படியும், மேல அடுத்த வருஷத்துச் சேறு. அழியாத லாக்! அடுக்கோட வயசைக் காரீயம்-210 சொல்லும். அதோட அரை ஆயுள் சுமார் 22 வருஷம், நூறு வருஷக் கணக்குக்குக் கச்சிதம்.

1996-ல பருண் சென் குப்தா, யூஜீன் டர்னர், நான்சி ரபலே மூணு பேரும் ரெண்டு வகையை எண்ணினாங்க. அமோனியா மூச்சுத்திணறலை நல்லாவே தாங்கும், எல்ஃபிடியம் அவ்வளவா தாங்காது. (வாயுவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஆட்டுக்கொம்பு வெச்ச எகிப்து சாமி ஆமோன் பேருதான் ரெண்டுக்கும் மூலம்.) மேல் அடுக்குக்கு வர வர அமோனியா பங்கு ஏறுச்சு. ஆக்சிஜன் குறைஞ்சா தாங்காத குயின்குலோகுலினா 1900 வாக்குலயே காணாம போயிருந்துச்சு. ஆக, எப்பவும் இப்படி இல்லை.

அப்போ அடையாறுலயும் எண்ணிடலாமா? அமோனியா நம்ம கழிமுகங்கள்ல சகஜம்தான். ஆனா அதுக்கு உப்புக் குறைஞ்ச தண்ணியும் ஓகே. அதனால அது கூடினா சாக்கடையா, மழைத்தண்ணியான்னு பிரிக்கிறது கஷ்டம். அதோட முகத்துவார மணல்திட்டைத் தோண்டிக்கிட்டே இருக்கோம், 2015 வெள்ளம் வேற. அந்த இடத்துல பழைய அடுக்கு ஒழுங்கா இருக்கும்னு நான் நம்பலை. தேடணும்னா, அலையும் ஜேசிபியும் தொடாத ஏதாவது ஒதுக்குப்புறச் சேத்துலதான் தேடணும்.