மயக்க முன்மருந்தும் அமில எதுக்களிப்பும் (நாய்களில்)

அறுவை மயக்கத்தின்போது இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறிவருதல். ராஜபாளையம் நாய் போன்ற, நெஞ்சுக்கூடு ஆழமான இனங்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். முன்மருந்துக்கும் இதில் பங்குண்டு: மார்ஃபின், அசிபுரோமசின், சைலசின், அட்ரோபின் ஆகியவை உணவுக்குழாயின் அடிவாய்த் தசையைத் தளர்த்துகின்றன. வாந்தியைப் போலன்றி, இது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை, அதுதான் ஆபத்து. அமிலம் தேங்கினால் குழாய் புண்ணாகி, சில நாள் கழித்துச் சுருங்கக்கூடும்; பாவம், நாய் விழுங்க முடியாமல் தவிக்கும். நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரலாம். மனிதரில், பிரசவ மயக்கத்தில் நேரும் இப்பாதிப்பை கர்ட்டிஸ் மென்டல்சன் 1946இல் விவரித்தார். மாரோபிட்டன்ட் தடுப்பது வாந்தியைத்தான், எதுக்களிப்பை அல்ல. ஒமிப்ரசோல் அமிலத்தின் கடுமையைக் குறைக்கும்; ஏறிவருவதை நம்பகமாக நிறுத்தாது. எனவே காற்றுப்பை பொருத்திய மூச்சுக்குழல் செருகி, ஏறிய அமிலத்தை உறிஞ்சிக் கழுவுவது அவசியம்.