ஏலத்தில் வரும் இல்லம்

கடனுக்கு வீட்டை ஈடு வைப்பதும், கடன் தீராதவிடத்து அவ்வீடு கைமாறுவதும் பழைய வழக்கமே. தவணை தவறியவுடன் ஈட்டுப் பொருள் கடன் கொடுத்தவனுக்கே உரித்தாகும் என்னும் உடன்படிக்கையை, கி.பி. 4ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தைன் தடை செய்தான். ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கு வந்த உரோம-டச்சுச் சட்டத்திலும் அத்தடை இடம்பெற்றது. வீட்டை விற்றுத் தனக்குரியதை எடுத்துக்கொண்டு, மிகுதியைக் கடனாளிக்குக் கொடுத்தலே முறை. ஆகவே ஏலம் கடனாளிக்கும் ஒரு காப்பாக அமைந்தது.

1931ஆம் ஆண்டில் இலங்கையில் அரச ஈட்டு வங்கி நிறுவப்பட்டது. 1949ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டம், நீதிமன்ற வழக்கின் மூலம் ஈட்டுக் கடனை அறவிடும் முறையை ஒழுங்குபடுத்தியது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமோ, வழக்கின்றியே இயக்குநர் சபையின் தீர்மானத்தால் ஏலமிடும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. 'பராட்டே' எனப்படும் இவ்வதிகாரம், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து, 2024ஆம் ஆண்டில் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது.

கல்முனையை அடுத்து, நெசவுக்குப் பெயர்பெற்று விளங்கும் மருதமுனையில் இச்சட்டங்களுக்குத் தனிப்பொருள் உண்டு. இக்கரையோர முஸ்லிம் ஊர்களில் மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பர். மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வான். எனவே கணவனின் தொழிற்கடனுக்கு வீடு ஈடாகுமிடத்து, ஏலத்திற்கு வருவது பெரும்பாலும் மனைவியின் உடைமையாகும். பிறர் கடனுக்காகத் தம் சொத்தை ஈடு வைத்தவரின் வீட்டைப் 'பராட்டே' முறையால் விற்கலாமா என்னும் வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு.

இத்தகைய வீட்டை வாங்க முனைவோர்க்குக் காணி விவகாரம் அறிந்த தரகரும் சட்டத்தரணியும் துணையாக வேண்டும். உறுதி எவர் பெயரில் உள்ளது, காணிப் பதிவேட்டில் வேறு ஈடோ வழக்கோ பதிவாகியுள்ளதா, வீட்டில் இன்று குடியிருப்போர் யார் என்பவற்றை அவர்கள் ஆராய்தல் வேண்டும். ஏலத்தில் எடுத்தவுடன் திறப்பு கைக்கு வந்துவிடாது. குடியிருப்போர் வெளியேற மறுப்பின், உடைமையைப் பெற மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும்.

தரகரின் நேர்மை வாங்குவோர்க்கு மட்டும் உரிய காரியமன்று. கேட்போரைத் தடுத்து விலையை அடக்கும் தரகர், வீட்டை இழக்கும் குடும்பத்திற்கு எஞ்சவேண்டிய பணத்தையும் இழக்கச் செய்கிறார். பலர் அறியக் கேள்வி நடந்து உரிய விலை எழுமாயின், கடன் தீர்ந்தபின் ஒரு தொகையேனும் மிஞ்சக்கூடும். இடருற்ற கடனாளிக்கு அவகாசம் அளிக்குமாறு திருக்குர்ஆன் பணிக்கிறது. அவகாசமும் கடந்து ஏலம் கூறப்படும் நாளில், அம்மிகுதியே அக்குடும்பம் புதிதாய் ஒரு கூரை தேடுவதற்குக் கைம்முதலாகும்.