டிசம்பர் 25 எப்படி வந்தது?

இயேசு பிறந்த தேதி பைபிளில் இல்லை. கி.பி. 354-இல் ரோமில் உருவான ஒரு நாட்காட்டித் தொகுப்பில் அவர் பிறந்த நாள் டிசம்பர் 25 என்று இருக்கிறது. அதே தொகுப்பின் இன்னொரு பகுதியில், அதே தேதியில், ‘வெல்லப்படாதவன்’ எனப்பட்ட சூரிய தேவனின் பிறந்தநாளும் உள்ளது.

சூரிய விழாவையே கிறிஸ்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள் என்பது ஒரு கருத்து. மரியாள் கருவுற்றது மார்ச் 25 என்று வைத்து, ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது இன்னொன்று. ஆர்மீனியத் திருச்சபைக்கு இன்றும் ஜனவரி 6-தான்.

ஒரே பேரேட்டில் இரண்டு பதிவுகள் இருப்பதை வைத்து, யாரைப் பார்த்து யார் எழுதினார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. எனவே ‘இரவல் பண்டிகை’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம் குழுவில் பகிரும் முன் சற்று யோசிப்போம்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்!